மணிக்கட்டு முறிந்தவனுக்கு டர்பனில் ஒரு பிசியோ, கூடவே கொஞ்சம் இங்கிலீஷ்

தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், விவரம் அப்புறம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர் அதிகம் வாழ்கிற சாட்ஸ்வர்த் பகுதியில் நான் போய்வந்த பிசியோதெரபி நிலையத்தை, தமிழ்நாட்டிலிருந்து கோவில் வேலைக்கு இங்கே வந்திருக்கிற எவருக்கும் தயங்காமல் சொல்வேன். கை வைத்தியம் சுத்தம். காசு கொஞ்சம் ஜாஸ்தி. வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுக்கிற தாள் படு மோசம். ஆனால் அங்கே இருக்கிற அம்மா, நாம் சொல்வது தனக்கும் தான் சொல்வது நமக்கும் புரிகிற வரைக்கும் அடுத்த வேலைக்குப் போகமாட்டார். அந்த ஒரு குணத்துக்காகவே நாலு நட்சத்திரம்.

பெயரைப் போடவில்லை. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, 'வேண்டாம் அங்கிள், இருக்கிற ஆட்களுக்கே நேரம் போதவில்லை' என்றார். சாட்ஸ்வர்த் கோவில்களில் மடப்பள்ளிக்காரர்களைக் கேளுங்கள், வழி சொல்வார்கள்.

நான் சுதை வேலைக்காரன். கும்பகோணம் பக்கம். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோபுரத்துப் பொம்மைகளைப் பழுதுபார்த்து வர்ணம் தீட்டுகிற ஒப்பந்தத்தில் வந்தேன். டர்பன் கோடை மழை தெரியும் அல்லவா, வெயில் அடிக்கும்போதே கொட்டும். நனைந்த சாரத்தின் கீழ்ப்படியில் கால் வழுக்கியது. கீழே விழுகிற எவனும் செய்வதைத்தான் செய்தேன், கையை நீட்டி ஊன்றினேன். வலது மணிக்கட்டுக்கு மேலே, கட்டைவிரல் பக்கத்து எலும்பு போயிற்று. இதற்கு இங்கிலீஷில் கோலிஸ் ஃப்ராக்சர் என்று பெயர். ஆபிரகாம் கோலிஸ் என்கிற அயர்லாந்து டாக்டர் 1814-இல் இதை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே வந்தது 1895-இல்தான். அதற்கு 80 வருஷம் முன்னால், படமே இல்லாமல் எந்த இடத்தில் எப்படி முறிகிறது என்று ஒருவர் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்றால், தொட்டுப் பார்த்துத் தொழில் செய்கிற எனக்கு அந்த ஆள்மேல் மரியாதை வருகிறது.

மாவுக்கட்டு போட்ட ஆஸ்பத்திரியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கட்டு ஒழுங்காகத்தான் போட்டார்கள். 'கீப் இட் எலிவேட்டட், கீப் த ஃபிங்கர்ஸ் மூவிங்' என்று ஓட்டமாகச் சொல்லி, ஒரு தாளைக் கையில் திணித்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். புரிந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எலிவேட் என்றால் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைப்பது, வீக்கம் வடிவதற்கு. விரலை ஆட்டுவது, கட்டுக்கு வெளியே இருக்கிற மூட்டுகள் இறுகாமல் இருப்பதற்கு. இந்த இரண்டும் தெரியாமல் கட்டோடு ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டு நடந்தால் விரல்களும் சேர்ந்து கெட்டுப்போகும். எனக்கு இதை முதல் வாரத்திலேயே விளக்கியவர் கோவில் மண்டபத்தில் சந்தித்த ஓய்வுபெற்ற நர்ஸ் பாட்டி ஒருவர், மகராசி, நன்றாயிருக்கட்டும்.

கட்டைப் பிரித்த பிறகுதான் பிசியோ. தென்னாப்பிரிக்காவில் பிசியோவிடம் போக டாக்டர் சீட்டு கட்டாயம் இல்லை, நேராகவே போகலாம். மெடிக்கல் எய்டு, அதாவது மருத்துவக் காப்பீடு, வைத்திருப்பவர்கள் மட்டும் தங்கள் திட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிசியோக்கள் எல்லோரும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. என்கிற மருத்துவத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண் பி.டி. (PT) என்று தொடங்கும். மசாஜ் பார்லர்காரர்களும் சில இடங்களில் பிசியோ மாதிரிப் பேசுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

சாட்ஸ்வர்த்தைப் பற்றி ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடிவைத்த காலத்தில், 1960-களில், டர்பனின் பல மூலைகளிலிருந்து இந்தியர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய ஊர் இது. கடைப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் பிள்ளை, நாயுடு, செட்டி, படையாச்சி என்று நம் ஊர் வாக்காளர் பட்டியல் மாதிரி இருக்கும். ஆனால் 1860-இல் முதல் கப்பல் மதராஸிலிருந்து வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று. தேவாரம் பாடுவார்கள், காவடி எடுப்பார்கள், புரட்டாசி முழுக்க விரதம் இருப்பார்கள், பேச்சு இங்கிலீஷ். எங்கள் பிசியோ அம்மாவுக்குத் தெரிந்த தமிழ் வணக்கம், தண்ணி, ஆயா, போதும். இந்தப் 'போதும்' ரொம்பப் பயன்பட்டது.

உள்ளே போனால் முதலில் வரவேற்பில் ஒரு பெண். டாக்டர், பிசியோ அறைகளை இங்கே ரூம்ஸ் என்பார்கள். 'கம் டு த ரூம்ஸ்' என்றால் அங்கே வா என்று அர்த்தம், லாட்ஜில் அறை போட்டுக் கொடுக்கவில்லை. 'ஷீ வில் ஸீ யூ ஜஸ்ட் நௌ' என்றால் இப்போதே என்று எழுந்து நிற்காதீர்கள், பிறகு என்று பொருள். சீக்கிரம் என்றால் 'நௌ நௌ' என்பார்கள். படிவத்தில் நெக்ஸ்ட் ஆஃப் கின் என்று ஒரு கட்டம் இருக்கும், ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது அது. மெயின் மெம்பர் என்பது மெடிக்கல் எய்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர். நம்மைப்போல அது இல்லாதவர்கள் 'கேஷ் ரேட்' என்ன என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கேட்டால் குறைத்துத்தான் சொல்கிறார்கள். கேட்காதவனுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள்.

இனி உள்ளறை. முதல் நாள் அரை மணிக்கு மேல் அந்தம்மா கையைத் தொடவே இல்லை. கேள்விகள்தான். எங்கே வலி, எப்போது வலி, எப்படிப்பட்ட வலி. இந்த மூன்றாவது கேள்வியில்தான் நம் ஆட்கள் எல்லோரும் 'பெயின், பெயின்' என்று நின்றுவிடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் செய்ய முடியாது. எலும்பா, தசையா, நரம்பா என்பதை வலியின் சாயலை வைத்துத்தான் அவர் பிரிக்கிறார். இதில் தமிழனுக்கு ஒரு பஞ்சமும் இல்லை. நம் பாட்டிமார் வலிக்கு வைத்திருக்கிற சொற்களை அடுக்கினால் ஒரு பக்கம் வரும். இங்கிலீஷில் அதற்கு எதிரே எது என்று தெரிந்தால் போதும். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன், அதைத்தான் இங்கே அப்படியே தருகிறேன்.

சுருக்கென்று, ஊசி குத்தின மாதிரி வந்து போனால் அது ஷார்ப். இதைச் சொன்ன கணம் அந்தம்மா கையை எடுத்துவிடுவார். உள்ளே எலும்புக்குள் குடைந்துகொண்டே இருந்தால் டீப் ஏக். கட்டுப் பிரித்த பிறகு ராத்திரியில் எனக்கு இருந்தது இதுதான். லேசாகக் கடுத்துக்கொண்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தால் டல். விண்விண்ணென்று நாடித் துடிப்போடு தெறித்தால் த்ராபிங். திகுதிகுவென்று எரிந்தால் பர்னிங். எறும்பு ஊர்கிற மாதிரி, நமநமவென்று இருந்தால் டிங்க்ளிங், அல்லது பின்ஸ் அண்ட் நீடில்ஸ். மதமதப்பாகி உணர்வே போய்விட்டால் அதற்குச் சொல் 'நம்'. எழுதும்போது கடைசியில் 'பி' இருக்கும், வாயில் வராது. தசை இழுத்துப் பிடித்தால் டைட். மூட்டு மடங்க மறுத்தால் ஸ்டிஃப். வலி இல்லை, ஆனால் தம்ளரைத் தூக்கினால் கை நிற்கவில்லை என்றால் வீக்.

'பர்னிங்', 'டிங்க்ளிங்', 'நம்' என்கிற மூன்று சொல்லையும் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லக்கூடாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மதமதத்தால் மணிக்கட்டின் உட்புறம் ஒரு குறுகிய பாதை வழியாகப் போகிற மீடியன் நரம்பு அழுந்துகிறது என்று அவர் சந்தேகப்படுவார். எரிச்சலோடு கை நிறம் மாறி, வியர்த்து, வீக்கம் வடியாமல் இருந்தால் அது வேறு ஒரு தொல்லை, உடனே டாக்டரிடம் திருப்பி அனுப்புவார். 'எனி கலர் சேஞ்ச்? எனி ஸ்வெட்டிங்?' என்று ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டது இதற்காக என்று எனக்குப் பின்னால்தான் விளக்கினார். அதே மாதிரி, உள்ளங்கையை மேஜையில் குப்புற வைத்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்வார். இந்த எலும்பு முறிந்தவர்களுக்குச் சில வாரம் கழித்து, அந்த விரலைத் தூக்குகிற தசைநாண், அவர் சொல்வது டெண்டன், எலும்பில் உராய்ந்து உராய்ந்து திடீரென்று அறுந்துபோவது உண்டாம். அதனால் ஒருநாள் காலையில் கட்டைவிரல் தூக்க வரவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும், 'ஐ கேனாட் லிஃப்ட் மை தம்ப்' என்று போனில் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு எண் கொடுக்கச் சொல்வார். இதிலும் ஒரு வித்தை இருக்கிறது. சும்மா இருக்கும்போது எவ்வளவு, அசைக்கும்போது எவ்வளவு, ராத்திரி எவ்வளவு என்று மூன்று எண் தனித்தனியாகக் கொடுத்தால் அவருக்கு முகமே மலர்ந்துவிடும். அட் ரெஸ்ட், வித் மூவ்மெண்ட், அட் நைட்.

உள்ளூர்ச் சொற்கள் கொஞ்சம். இங்கே வலி என்பதற்கு எல்லோரும் சொல்வது 'சோர்'. 'இஸ் இட் சோர்?' என்று அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்பார். சுரீரென்றால் 'எய்னா' என்று கத்தலாம், ஆப்பிரிகான்ஸ் சொல், நம் 'ஐயோ'வுக்குச் சமம், கருப்பர் வெள்ளையர் இந்தியர் எல்லோரும் அதைத்தான் கத்துகிறார்கள். நீங்கள் விழுந்த கதையைச் சொன்னதும் 'ஷேம்' என்பார். வெட்கம் என்று அர்த்தம் பண்ணிக் கோபித்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள், 'அடப் பாவமே' என்கிறார். முந்தின நாள் பயிற்சியால் தசை வலித்தாலும் இந்த ஊரில் ஸ்டிஃப் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் மூட்டு இறுக்கமா தசைவலியா என்று அவர் திருப்பிக் கேட்பார், சலித்துக்கொள்ளாமல் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். ஸ்கேனில் ஒரு வகையை சோனார் என்கிறார்கள், நம் ஊரில் அல்ட்ராசவுண்ட். கால் அடிபட்டவர்கள் போட்டுக்கொண்டு வருகிற பெரிய பூட்ஸுக்கு மூன் பூட். ஒட்டுப்பட்டி போட்டுக் கட்டுவது ஸ்ட்ராப்பிங். மருந்துச் சீட்டு ஸ்கிரிப்ட்.

காத்திருக்கிற இடத்தில் பாதிப்பேர் ஓட்டக்காரர்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவே, சுமார் 90 கிலோமீட்டர், 1921 முதல் நடக்கிற காம்ரேட்ஸ் ஓட்டம் இந்த ஊருக்குத் திருவிழா மாதிரி. அது நெருங்கினால் அப்பாயின்ட்மெண்ட் கிடைப்பது கஷ்டம். அவர்கள் பேச்சில் 'நிக்கிள்' என்று ஒரு சொல் ஓடிக்கொண்டே இருக்கும். வலி என்று சொல்கிற அளவுக்கு இல்லாத, ஆனால் விடாமல் நச்சரிக்கிற சின்னத் தொந்தரவு. எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இப்போது சாரத்தில் ஏறும்போது முட்டியைக் கேட்டால் நிக்கிள் என்கிறேன்.

கேள்வி முடிந்ததும் அளவு. கோனியோமீட்டர் என்று ஒரு பாகைமானி, இரண்டு நீளமான கால்களோடு. கையின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பெயர், ஒரு எண். உள்ளங்கைப் பக்கம் மடக்கினால் ஃப்ளெக்ஷன், புறங்கைப் பக்கம் தூக்கினால் எக்ஸ்டென்ஷன். நல்ல மணிக்கட்டு இரண்டு பக்கமும் 70, 80 பாகை போகும். எனக்கு அதில் பாதிகூட வரவில்லை. கரணையைப் பிடித்துச் சாந்தை மேல்நோக்கி இழுக்கிறவனுக்கு எக்ஸ்டென்ஷன் இல்லாமல் பிழைப்பு இல்லை.

அதைவிட மோசம் சூபினேஷன். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்புவது, கோவிலில் திருநீறு வாங்குகிற கை மாதிரி. குப்புறத் திருப்பினால் ப்ரோனேஷன். முன்னங்கையில் இரண்டு எலும்பு, ஒன்று இன்னொன்றைச் சுற்றித் திரும்பினால்தான் இது நடக்கும், எனக்கு முறிந்ததோ திரும்புகிற எலும்பு, அதுவும் மூட்டுக்குப் பக்கத்தில். முதல் வாரம் குருக்கள் நீட்டிய திருநீற்றை இடது கையில் வாங்கித் திட்டு வாங்கிக்கொண்டேன். பிசியோவில் நான் கையைத் திருப்புவதாக நினைத்துத் தோளைச் சாய்த்து முழங்கையை வெளியே தள்ளுவேன், பார்க்கிறவனுக்குக் கை திரும்பின மாதிரியே இருக்கும். 'யூ ஆர் சீட்டிங், அங்கிள்' என்று சிரித்துக்கொண்டே ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் செருகுவார். துண்டு விழுந்தால் கணக்கில் சேர்க்கமாட்டார். இதற்கு அவர் தாளில் எழுதுகிற சொல் காம்பென்ஸேட்டிங். இந்தத் துண்டு வைத்தியத்தை மட்டும் தினம் ஒழுங்காகச் செய்தேன், திருநீறு வலது கைக்கு வந்துவிட்டது.

பிறகு புட்டி. பிசைகிற களி மாதிரி ஒரு பொருள், நிறத்துக்கு ஒரு கடினம். பிடிவலு வருவதற்காக அழுத்திப் பிசையச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். என் கையில் களியைக் கொடுத்தால் அது சும்மா இருக்குமா. திரும்பி வரும்போது ஒரு யாளி முகம், பிதுங்கின கண்ணும் கோரைப்பல்லுமாக, மேஜையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரி போட்டோ எடுத்தாள். அந்தம்மாவும் சந்தோஷப்பட்டார், ஆனால் உடனே ஒன்று சொன்னார்: நுனிவிரலால் உருட்டுகிறாய், மணிக்கட்டு அசையவே இல்லை, உள்ளங்கையால் இறுக்கு. பார்த்தால் அதுதான் உண்மை. இருபது வருஷ வேலைப் பழக்கத்தில் அடிபட்ட இடத்தைத் தவிர்த்து மற்ற விரல்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. அன்றைக்கு அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. தொழில் என்ன என்று கேட்டு, கரணை பிடிப்பது, சுத்தியல் அடிப்பது, சாந்துச்சட்டி தூக்குவது, சன்னதியில் அஷ்டாங்கமாக விழுந்து கையூன்றி எழுவது என்று நான் சொன்ன நான்கையும் 'கோல்ஸ்' என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டார். பயிற்சிகள் அதற்கேற்பவே வந்தன. சுத்தியலைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவது, பழகினதும் பிடியின் கடைசிக்கு இறங்குவது, தூரம் கூடக்கூடப் பாரம் கூடும். கையூன்றுவதற்கு வெயிட் பேரிங் என்று பெயர். முதலில் சுவரில் சாய்ந்து, பிறகு மேஜை, கடைசியில்தான் தரை.

எவ்வளவு வலித்தால் நிறுத்துவது என்பதற்கும் சொல் இருக்கிறது. இழுக்கிற உணர்வு மட்டும் இருந்தால் ஸ்ட்ரெச், தொடரலாம். அசௌகரியம் என்றால் டிஸ்கம்ஃபர்ட், அதுவும் பரவாயில்லை. வலி எண் நாலைத் தாண்டினால் குறைக்க வேண்டும், மறுநாள் காலைக்குள் அடங்காவிட்டால் முந்தின நாள் செய்தது அதிகம். அடங்குவதற்கு செட்டில், கிளம்பிவிட்டால் ஃப்ளேர்-அப், முன்னேற்றம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் பிளாட்டோ. 'இட் செட்டில்ட் பை மார்னிங்' என்று நீங்களாகவே சொன்னீர்கள் என்றால் அடுத்த கட்டத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு பிசியோவை விடப் பொருத்தமான இடம் கிடையாது.

இவ்வளவு பொறுமையாகப் பேசுகிறவர், வீட்டுக்குக் கொடுக்கிற தாளில் ஏன் இப்படிச் செய்கிறார் என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து அடித்த தாள், எறும்பு எழுத்து, குச்சி மனிதன் படம், எந்தக் கை என்றே தெரியாது. எழுத்தெல்லாம் சுருக்கம். ஏ-ரோம் என்றால் தானாக அசைப்பது, பி-ரோம் என்றால் மற்ற கையால் பிடித்து அசைப்பது. ரெப்ஸ் என்றால் ஒரு மூச்சில் எத்தனை தடவை, செட்ஸ் என்றால் அந்த மாதிரி எத்தனை சுற்று, ஹோல்டு என்றால் அங்கேயே நிறுத்திப் பிடிக்க வேண்டிய விநாடி. பி.டி. (BD) என்று எழுதியிருந்தால் நாளைக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. மருந்துச் சீட்டு மொழியை உடற்பயிற்சித் தாளில் எதற்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும்? நம் ஆள் ஒருவர், சமையல்காரர், தோள் வலிக்குப் போனவர், இந்த பி.டி.யைப் பார்த்துவிட்டு பள்ளிக்கூட டிரில் வகுப்பு என்று நினைத்து வெட்டவெளியில் போய்த்தான் செய்ய வேண்டும் என்றிருந்தார். இதற்கு ஒரு நட்சத்திரத்தை வெட்டிவிட்டேன். தீர்வு சுலபம். 'கேன் ஐ டேக் எ வீடியோ?' என்று கேளுங்கள், மறுக்கமாட்டார். உங்கள் கை, உங்கள் போன், அவர் குரல். தாளைப் பின்பக்கம் மளிகைக் கணக்கு எழுத வைத்துக்கொள்ளலாம்.

மற்ற குறைகள் சில்லறை. அரை மணி என்றால் சட்டை கழற்றுகிற நேரமும் சூட்டு ஒத்தடம் வைத்துவிட்டுப் போகிற நேரமும் அதற்குள்ளேயே. லோட்டஸ் எஃப்.எம்.மில் பழைய பாட்டு ஓடும், அது குறையில் சேராது. வண்டி நிறுத்த இடம் இல்லை. வராமல் இருந்தால் முந்தின நாளே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கட்டணம் உண்டு. வரவேற்பில் அதைச் சொல்லமாட்டார்கள், சுவரில் ஒட்டியிருக்கும்.

காசு விஷயத்தில் வேலைக்கு வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. வேலையிடத்தில் அடிபட்டால் இங்கே அதற்கு இஞ்சுரி ஆன் டியூட்டி என்று பெயர், சுருக்கமாக ஐ.ஓ.டி. இதற்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்வது 1993-ஆம் வருஷத்து 130-ஆம் எண் சட்டம், எல்லோரும் கோய்டா என்பார்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிறவனுக்கு அடிபட்டால் முதலாளி தகவல் கிடைத்த 7 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், கோரிக்கையையும் தாமதிக்காமல் கெடுவுக்குள் போட்டுவிட வேண்டும். அதனால் முதல் நாள் டாக்டரிடமே 'இட் ஹேப்பெண்ட் அட் வொர்க்' என்று சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று மரியாதைக்காகச் சொல்லி வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது பிறகு எந்தப் பக்கமும் உதவாது. ஒப்பந்தக்காரராக வந்தவர்களுக்கு இது பொருந்துமா என்பதைக் கிளம்பும் முன்பே கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. என் விஷயத்தில் கோவில் கமிட்டி தாங்களாகவே செலவைப் பகிர்ந்துகொண்டார்கள், எல்லா இடத்திலும் அப்படி எதிர்பார்க்க முடியாது.

பில்லில் ஐ.சி.டி.-10 என்று ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும், என்ன நோய் என்பதற்கான சங்கேதம். மெடிக்கல் எய்டுக்காரருக்கும் நஷ்டஈடு கேட்கிறவருக்கும் அது இல்லாத பில் வெறும் காகிதம். வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

கடைசிக் கட்டத்தில் பிடிவலுவை டைனமோமீட்டர் என்கிற கைப்பிடிக் கருவியால் கிலோவில் அளந்து, மற்ற கையோடு ஒப்பிடுவார். வலதுகைக்காரனுக்கு வலது கை சாதாரணமாக ஒரு பத்து சதவீதம் அதிகம் பிடிக்கும் என்று கணக்கு. எனக்கு இரண்டும் சமமாக வந்ததும், 'இனி என்னிடம் வருவது உனக்குக் காசு தண்டம், பயோவிடம் போ' என்றார். பயோ என்றால் பயோகைனெட்டிசிஸ்ட், அடிபட்டவனைப் பழைய வேலைக்குத் தயார்ப்படுத்துகிற பயிற்சிக்காரர், இந்த நாட்டில் அது தனித் தொழில். வருகிற நோயாளியைப் போதும் என்று அனுப்புகிற பிசியோ எத்தனை பேர் இருப்பார்கள்? நான் பயோவிடம் போகவில்லை. எனக்குச் சாந்துச்சட்டியே பயோ.

யார் போக வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறவர்கள் போக வேண்டாம். அவர் கையால் செய்வது குறைவு, உங்களைச் செய்ய வைப்பதுதான் அதிகம். தானாகப் பயிற்சி செய்யச் சோம்பல்படுகிறவர்களுக்கும் காசு வீண்.

போகிறவர்கள் எக்ஸ்ரே படத்தையோ சிடியையோ கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். முழங்கைக்கு மேல் சுருட்ட வருகிற சட்டை போடுங்கள். ரப்பர் பட்டை வாங்கச் சொல்வார், மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று கடினம் ஏறும். மஞ்சளில் தொடங்கச் சொன்னால் மஞ்சளே வாங்குங்கள், ஆம்பிளைக்கு எதற்கு மஞ்சள் என்று கறுப்பைத் தூக்காதீர்கள். அங்கேயே வாங்குவதைவிட வெளியே மருந்துக்கடையில் விலை குறைவு.